கடைமடைக்கு எட்டாத இரத்தம்

மனித மூளையின் எடை சுமார் 1,400 கிராம். உடல் எடையில் நூற்றுக்கு 2 பங்கு. இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறத்தாழ 15 சதவீதமும், உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் 20 சதவீதமும் அந்தச் சிறு உறுப்புக்கே போகின்றன. நிமிடத்துக்கு முக்கால் லிட்டர் இரத்தம் அதற்குள் ஓயாமல் ஓடியாக வேண்டும். கல்லீரலும் தசையும் சர்க்கரையைக் கிளைகோஜனாகச் சேர்த்து வைத்துக்கொள்ளும். மூளைக்குச் சொல்லும்படியான சேமிப்பு கிடையாது. அன்றன்று கூலி வாங்கி அன்றன்று உலை வைக்கும் வீடு அது. ஓட்டம் அடியோடு நின்றால் 10 நொடிக்குள் நினைவு தப்பும். சில நிமிடங்களில் நரம்பணுக்கள் மடியத் தொடங்கும்.

இரத்தம் மூளைக்குள் பாயும் வழி ஆற்றுப் பாசனத்தை ஒத்தது. கழுத்தின் இருபுறமும் ஏறும் கரோட்டிட் தமனிகள் இரண்டும், கழுத்தெலும்பினூடே ஏறும் தமனிகள் இரண்டும் மூளையின் அடியில் ஒரு வளையமாகச் சேர்கின்றன. ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1664இல் விரிவாக எழுதியதால் அந்த வளையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. வளையத்திலிருந்து பிரியும் பெருந்தமனிகள் மூளையின் மேற்பரப்பில் படர்ந்து, கிளை விட்டு, படிப்படியாக அழுத்தம் குறைந்து நுண்குழாய்களாகின்றன. மேற்பரப்பில் ஒரு கிளை அடைபட்டால் அண்டைக் கிளை ஓரளவு கைகொடுக்கும். ஆழத்தில் உள்ள பகுதிகளுக்குச் செல்லும் தமனிகள் அப்படிப்பட்டவை அல்ல. மயிரிழை போன்ற அவை பெருந்தமனியிலிருந்து நேராகக் கிளம்பி மூளையைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகின்றன. பெருந்தமனியின் முழு அழுத்தமும் இடையில் தணியாமல் அவற்றின் சுவரில் மோதுகிறது. அவை எட்டும் இடத்துக்கு வேறு வாய்க்காலும் இல்லை. ஆழத்திலிருக்கும் வெண்பொருள், அதாவது மூளையின் ஒரு பகுதியை இன்னொன்றோடு இணைக்கும் நரம்பிழைகளின் கட்டு, மூளையின் கடைமடை. ஆற்றில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது எதுவோ அதுவே இங்கும் காய்கிறது.

தமிழில் மறதிநோய் என்று பெயர் பெற்றுவிட்ட டிமென்ஷியா மறதியோடு நிற்பதன்று. நினைவு, மொழி, கணக்கு, வழி கண்டுபிடித்தல், திட்டமிடுதல், தீர்மானித்தல் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ சிதைந்து, முன்பு தாமாகச் செய்துவந்த அன்றாட வேலையை ஒருவர் செய்ய முடியாமல் போகும் நிலையே டிமென்ஷியா. அன்றாட வாழ்க்கை குலையாமல் சோதனையில் மட்டும் குறை தெரிந்தால் அது மிதமான அறிவாற்றல் குறைவு எனப்படும். யாழ்ப்பாணத்துப் பேச்சில் "அறளை பெயர்ந்துவிட்டது" என்பார்கள். தமிழ்நாட்டில் "வயசாயிடுச்சு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இரண்டு சொல்லும் முதுமையையே காரணமாக்குகின்றன. முதுமை ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. மிகப் பெரிய காரணமும் அதுதான். ஆனால் அந்த முதுமைக்குள் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கொழுப்பும் எவ்வளவு ஒளிந்திருக்கின்றன என்பதே கடந்த ஐம்பதாண்டு ஆராய்ச்சி தேடிய கேள்வி.

இந்தத் தேடலின் வரலாறு ஊசல்போல இரு பக்கமும் ஆடியது. சுவிட்சர்லாந்தில் பிறந்த ஒட்டோ பின்ஸ்வாங்கர் 1894இல், மூளையின் ஆழத்து வெண்பொருள் தேய்ந்து அறிவு மங்கிய நோயாளிகளை விவரித்து, தமனிகள் தடித்ததே காரணம் என்றார். ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமரும் தமனித் தடிப்பால் மூளை சுருங்குவதைப் பற்றி அதே காலத்தில் எழுதியவர்தான். 1906 நவம்பரில் டூபிங்கன் நகரில் நடந்த மருத்துவர் கூட்டத்தில் அவர் சொன்னது வேறு கதை. ஐம்பத்தைந்து வயதில் இறந்த ஒரு பெண்ணின் மூளையில் நரம்பணுக்களுக்கு வெளியே படிவுகளையும் உள்ளே முறுக்கிய இழைகளையும் கண்டதாக அவர் கூறினார். படிவு அமிலாய்டு புரதத்தால் ஆனது, இழை டவ் புரதத்தால் ஆனது என்பது பல பத்தாண்டுகள் கழித்தே தெரிந்தது. 1910இல் எமில் கிரேப்பலின் தம் பாடநூலில் அந்நோய்க்கு அல்சைமரின் பெயரை இட்டார். அது நடுவயதினருக்கு அரிதாக வரும் நோய் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. கிழவர்களின் மறதிக்கு "மூளைத் தமனித் தடிப்பு" என்று ஒரே பெயர் சூட்டி, தமனியை விரிக்கும் என்று நம்பிய மாத்திரைகளை எழுதிக் கொடுப்பது 1970களின் தொடக்கத்திலும் வழக்கமாக இருந்தது.

1974இல் விளாடிமிர் ஹச்சின்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் அந்த வழக்கத்தை உடைத்தார்கள். தமனி தடிப்பதால் மட்டும் மூளை மெல்ல மெல்லப் பட்டினி கிடப்பதில்லை. இரத்தம் எட்டாமல் மடிந்த திட்டுகள் பல சேரும்போதே அறிவு சிதைகிறது என்பது அவர்கள் வாதம். அவர்கள் இட்ட பெயர் பல்திட்டு டிமென்ஷியா. கருத்து சரியானது. விளைவு சற்று விபரீதமாயிற்று. பக்கவாதம் கண்டவருக்கு ஒரு நோய், காணாதவருக்கு அல்சைமர் என்று மருத்துவம் இரண்டு பெட்டிகள் செய்துகொண்டது. படிவுப் புரதத்தைத் தேடியவர்கள் இரத்தநாளத்தை மறந்தார்கள். இரத்தநாளத்தைப் பார்த்தவர்கள் படிவுப் புரதத்தைப் பேசவில்லை.

இரண்டு பெட்டிகளும் ஒரே தலைக்குள் இருக்கின்றன என்று காட்டியது அமெரிக்கக் கன்னியர் மடங்களில் நடந்த ஆய்வு. டேவிட் ஸ்னோடன் தலைமையில் 678 கன்னியர் ஆண்டுதோறும் நினைவுச் சோதனைக்கு உட்பட்டார்கள். இறந்தபின் மூளையைத் தர ஒப்புக்கொண்டார்கள். ஒரே உணவு, ஒத்த வாழ்க்கை, புகை இல்லை, மது அரிது: ஆய்வாளருக்கு இதைவிட ஒழுங்கான கூட்டம் வாய்ப்பது கடினம். 1997இல் வெளியான கட்டுரை 102 மூளைகளைப் பற்றியது. அவற்றில் 61 மூளைகளில் அல்சைமர் நோய்க்குரிய படிவுகளும் இழைகளும் போதிய அளவில் இருந்தன. ஆனால் அந்த 61 பேரும் உயிரோடிருந்தபோது ஒரே அளவு மறந்தவர்கள் அல்லர். படிவுகளோடு மூளையின் ஆழத்தில் ஓரிரு சிறு குழிகளும் இருந்தவர்களே பெரும்பாலும் டிமென்ஷியாவில் விழுந்திருந்தார்கள். படிவு இல்லாதவர்களிடம் அதே சிறு குழிகள் அவ்வளவு கேடு செய்யவில்லை. அல்சைமர் படிவைச் சுமந்துகொண்டு தள்ளாடி நின்ற மூளையை, பயறளவு குழி ஒன்று தள்ளிவிடப் போதுமானதாயிருந்தது. எண்பது வயதுக்கு மேற்பட்டவர்களின் மூளையில் இந்தக் கலப்பே பெரும்பான்மை, தனித்த அல்சைமரோ தனித்த இரத்தநாளக் கேடோ சிறுபான்மை என்று பிறகு வந்த பிணக்கூறாய்வுகளும் காட்டின. எதிர்பாராத நல்ல செய்தி ஒன்றும் இதற்குள் உண்டு. அமிலாய்டைத் தடுக்கும் வழி எளிதாக இல்லை. குழியைத் தடுக்கும் வழியோ ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருந்து அலமாரியில் இருக்கிறது.

ஆபத்துக் காரணிகளில் முதலாவது இரத்த அழுத்தம். ஓயாத அழுத்தத்தில் நுண்தமனியின் தசைச்சுவர் முதலில் தடிக்கிறது. பிறகு தசை செத்து, கண்ணாடி போன்ற பொருள் அந்த இடத்தில் படிகிறது. குழாய் குறுகுகிறது, தேவைக்கேற்ப விரியும் தன்மையை இழக்கிறது. அடைபட்டால் 15 மில்லிமீட்டருக்கும் குறைவான குழி, கிழிந்தால் நுண்கசிவு, அடைபடாமல் குறுகியே கிடந்தால் வெண்பொருளில் எம்ஆர்ஐ ஸ்கேன் வெள்ளைத் திட்டாகக் காட்டும் தேய்வு. இவற்றில் பெரும்பாலானவை கை காலை இழுப்பதில்லை, வாயைக் கோணலாக்குவதில்லை. வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரியவருபவை. ஓசையில்லாத பக்கவாதம் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான்.

உயர் அழுத்தத்தை நோயென்று ஏற்கவே மருத்துவம் தயங்கிய காலம் ஒன்று இருந்தது. வயது ஏறும்போது விறைத்த தமனிக்குள் இரத்தத்தைத் தள்ள அந்த அழுத்தம் தேவையானதே என்று கருதி, ஆங்கிலத்தில் "அத்தியாவசியமான" என்று பொருள்படும் அடைமொழியையே அதற்குச் சூட்டினார்கள். அது இன்றும் பாடநூல்களில் இருக்கிறது. அமெரிக்க அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டை 1944 மார்ச்சில் இதய மருத்துவர் ஹோவர்ட் புரூன் சோதித்தபோது அழுத்தம் 186/108. அதைக் குறைக்கத் தக்க மருந்து அன்று கையில் இல்லை. 1945 ஏப்ரல் 12இல் மூளை இரத்தக்கசிவால் அவர் இறந்தார். மூன்றாண்டு கழித்து மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிரேமிங்காம் ஊரில் 5,209 பேரோடு தொடங்கிய இதய ஆய்வு, அழுத்தமும் கொழுப்பும் புகையும் இதயத்தைக் கெடுப்பதை ஒவ்வொன்றாக நிறுவியது. "ஆபத்துக் காரணி" என்ற சொல்லையே பரப்பிய ஆய்வு அது.

அழுத்தத்துக்கும் டிமென்ஷியாவுக்கும் உள்ள உறவு ஆரம்பத்தில் ஆய்வாளர்களை ஏமாற்றியது. எழுபத்தைந்து வயதினரை வரிசையில் நிறுத்தி அழுத்தம் பார்த்தால், மறதிநோய் உள்ளவர்களிடம் அது குறைவாகவே இருந்தது. முடிச்சை அவிழ்த்தவை நீண்ட காலத் தொடர் ஆய்வுகள். ஹவாய்த் தீவில் வாழும் ஜப்பானிய வம்சாவளி ஆண்களின் அழுத்தம் 1965 முதல் இதய ஆய்வு ஒன்றுக்காகப் பதிவாகியிருந்தது. 1990களில் அவர்களில் சுமார் 3,700 பேரின் அறிவாற்றலைச் சோதித்து, நடுவயதுப் பதிவோடு ஒப்பிட்டார்கள். நடுவயதில் மேலழுத்தம் (சிஸ்டாலிக்) 160ஐத் தாண்டியும் மருந்தே சாப்பிடாதிருந்தவர்களுக்கு டிமென்ஷியா வரும் வாய்ப்பு நான்கு மடங்குக்கு மேல் இருந்தது. சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் இங்மர் ஸ்கூக் 1996இல் வெளியிட்ட ஆய்வு மீதிக் கதையைச் சொன்னது: எழுபது வயதில் அழுத்தம் கூடியிருந்தவர்களுக்கே பிற்காலத்தில் டிமென்ஷியா வந்தது, ஆனால் நோய் வெளிப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்பாகவே அவர்களின் அழுத்தம் தானாக இறங்கிவிட்டது. சிதையும் மூளை அழுத்தத்தை நிலைநிறுத்தும் திறனையும் சேர்த்து இழக்கிறது. ஆகவே எழுபத்தைந்தில் பார்க்கும் எண் காரணத்தைக் காட்டுவதில்லை, விளைவையே காட்டுகிறது. லண்டனில் அரசு ஊழியர் 10,308 பேரோடு 1985இல் தொடங்கிய ஒயிட்ஹால் ஆய்வு காலத்தை இன்னும் நுணுக்கமாகக் குறித்தது. ஐம்பது வயதில் மேலழுத்தம் 130 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களுக்குப் பிற்கால ஆபத்து 38 சதவீதம் கூடுதல். அறுபதிலும் எழுபதிலும் அதே அளவு இருந்தவர்களிடம் அந்தத் தொடர்பு தெரியவில்லை.

சிகிச்சையால் பயன் உண்டா என்பது தனிக் கேள்வி. ஆபத்தோடு தொடர்புடைய ஒன்றைக் குறைத்தால் ஆபத்தும் குறையும் என்பது இயற்கை விதி அன்று. 1998இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் முதியவர் 2,418 பேரில் மருந்து பெற்றவர்களிடம் டிமென்ஷியா பாதியாகக் குறைந்தது. மொத்த நோயாளிகளோ 32 பேர்தான்: ஒரு பக்கம் 11, மறுபக்கம் 21. இவ்வளவு சிறிய எண்ணின் மேல் கோட்டை கட்ட முடியாது. பத்தாண்டு கழித்து எண்பது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வில் தெளிவான பயன் தெரியவில்லை. அமெரிக்காவில் 9,361 பேரோடு நடந்த ஸ்பிரின்ட் ஆய்வு மேலழுத்தத்தை 140க்குக் கீழ் வைப்பதையும் 120க்குக் கீழ் வைப்பதையும் ஒப்பிட்டது. இதயத்துக்குக் கிடைத்த நன்மை மிகத் தெளிவாக இருந்ததால் 2015இல் சிகிச்சைப் பகுதியை முன்கூட்டியே நிறுத்தினார்கள். மூளையைப் பற்றிய முடிவு 2019இல் வந்தது. மிதமான அறிவாற்றல் குறைவு 19 சதவீதம் குறைந்தது. வெண்பொருள் தேய்வும் மெதுவாகியது. டிமென்ஷியாவில் தெரிந்த 17 சதவீதக் குறைவு புள்ளியியலின் வாசலைத் தாண்டவில்லை. இதயம் மூன்றாண்டில் பதில் சொல்லும். மூளை அவ்வளவு விரைவாகப் பதில் சொல்லாது.

ஐயத்தைப் பெருமளவு நீக்கியது சீனக் கிராமங்களில் நடந்த ஆய்வு. நாற்பது வயதுக்கு மேற்பட்ட, அழுத்தம் கட்டுக்குள் இல்லாத 33,995 பேர், 326 கிராமங்கள். பாதிக் கிராமங்களில் வழக்கமான கவனிப்பு. மறுபாதியில் முழு மருத்துவப் படிப்பு இல்லாத கிராம மருத்துவர்களே ஒரு படிநிலைத் திட்டத்தின்படி மருந்தைத் தொடங்கி, அளவைக் கூட்டி, 130/80க்குக் கீழ் கொண்டுவர முயன்றார்கள். மருந்து இலவசமாகவோ குறைந்த விலையிலோ கிடைத்தது. வீட்டில் அழுத்தம் பார்க்கும் கருவியும் கொடுக்கப்பட்டது. நான்காண்டு முடிவில் டிமென்ஷியா 15 சதவீதம் குறைவு. 2025இல் வெளியான இந்த முடிவின் பெருமை எண்ணில் மட்டும் இல்லை. புதிய மருந்து ஒன்றும் அதில் கிடையாது. மருந்து கொடுத்த முறைதான் புதிது.

அழுத்தத்தைக் குறைப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. சராசரி அழுத்தம் 60க்கும் 150க்கும் இடையில் ஏறி இறங்கினாலும் மூளைக்குள் பாயும் இரத்தத்தை ஒரே அளவில் வைத்துக்கொள்ள ஆரோக்கியமான தமனிகளால் முடியும். நெடுநாள் உயர் அழுத்தத்தில் பழகிய தமனிக்கு இந்த எல்லை மேல்நோக்கி நகர்ந்திருக்கும். அப்படிப்பட்டவருக்கு ஒரே வாரத்தில் மருந்தை ஏற்றி அழுத்தத்தைச் சடாரென்று இறக்கினால் கடைமடை வறண்டுபோகும். படுக்கையிலிருந்து எழும்போது கண் இருட்டும் எண்பது வயதினருக்கு, நின்ற நிலையிலும் அழுத்தம் பார்க்காமல் மருந்தைக் கூட்டக் கூடாது.

அடுத்தது சர்க்கரை. நரம்பணு குளுக்கோஸை எடுத்துக்கொள்ளப் பெரும்பாலும் இன்சுலினைச் சார்ந்திருப்பதில்லை; தசையிலிருந்து நரம்பணு மாறுபடும் இடம் இது. ஆனாலும் நினைவுக்கு வாசலான ஹிப்போகேம்பஸில் இன்சுலின் ஏற்பிகள் நிறைய உள்ளன. அணுக்களுக்கிடையிலான தொடர்பை வலுப்படுத்துவதில் இன்சுலினுக்குப் பங்கு உண்டு. உடல் இன்சுலினை மதிக்காமல் போகும்போது இந்த வேலையும் தளர்கிறது. இன்சுலினைச் சிதைக்கும் ஒரு நொதியே அமிலாய்டையும் சிதைக்கிறது என்பது இன்னொரு முடிச்சு: இரத்தத்தில் இன்சுலின் மிகுந்தால் நொதி அதிலேயே ஈடுபட்டு அமிலாய்டைக் கைவிடுகிறது என்று ஒரு கருதுகோள் சொல்கிறது. இவற்றை வைத்து அல்சைமருக்கு "மூன்றாம் வகை நீரிழிவு" என்று 2005இல் ஒரு பெயர் புழக்கத்துக்கு வந்தது. கவர்ச்சியான பெயர்தான், உண்மையைவிட ஓரடி முன்னால் ஓடும் பெயரும்கூட. நீரிழிவு உள்ளவர்களின் மூளையைப் பிணக்கூறாய்வில் பார்த்தால் அமிலாய்டு மிகுந்திருப்பதைவிட இரத்தநாளக் கேடு மிகுந்திருப்பதே தெளிவாகத் தெரிகிறது. விழித்திரையையும் சிறுநீரகத்தையும் பாதத்தையும் கெடுக்கும் அதே நுண்குழாய் நோய் மூளையிலும் நடக்கிறது. கண் மருத்துவர் விழித்திரையில் காணும் சிறு கசிவு மூளைக்கும் ஒரு சாளரம்.

அளவைப் பார்த்தால், நெதர்லாந்தின் ராட்டர்டாம் ஆய்வு 1999இல் நீரிழிவு உள்ளவர்களுக்கு டிமென்ஷியா ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பு என்றது. இங்கும் காலமே முக்கியம். ஒயிட்ஹால் ஆய்வின் 2021ஆம் ஆண்டு முடிவின்படி, எழுபது வயதை அடையும்போது நீரிழிவு வந்து பத்தாண்டுக்கு மேலாகியிருந்தவர்களுக்கு ஆபத்து இரு மடங்கு. சமீபத்தில் வந்தவர்களுக்குச் சொல்லும்படியான கூடுதல் இல்லை. மேலைநாடுகளைவிட இந்தியர்களுக்குச் சர்க்கரை நோய் பத்தாண்டு முந்தி வருகிறது. முப்பத்தைந்தில் தொடங்கிய சர்க்கரை எழுபதுக்குள் முப்பத்தைந்தாண்டு சுமை.

சர்க்கரையை இறுக்கிப் பிடித்தால் மூளை தப்புமா? அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த அக்கார்டு ஆய்வு இதைச் சோதித்தது. இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியை (HbA1c) 6 சதவீதத்துக்குக் கீழ் கொண்டுவர முயன்ற பிரிவில் மரணம் கூடியதால் அந்தச் சிகிச்சையையே நிறுத்தவேண்டியதாயிற்று. 40 மாத முடிவில் அறிவாற்றல் சோதனையில் இரு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை. இறுக்கத்தின் விலை தாழ்சர்க்கரை. மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் அளவுக்குத் தாழ்சர்க்கரை கண்ட முதியவர்களுக்கு டிமென்ஷியா ஆபத்து கூடுவதைக் கலிபோர்னியாவில் 16,667 நோயாளிகளின் பதிவுகள் 2009இல் காட்டின. எத்தனை முறை கண்டார்களோ அந்த அளவுக்கு ஆபத்தும் ஏறியது. நீரிழிவுக்கும் எடைக்கும் புகழ்பெற்ற செமாகுளுடைடு மாத்திரை அல்சைமரின் தொடக்க நிலையைத் தடுத்து நிறுத்துமா என்று நடந்த இரண்டு பெரிய ஆய்வுகளும் 2025 நவம்பரில் தோல்வி என அறிவிக்கப்பட்டன. மறதி தொடங்கிய பிறகு சர்க்கரையைத் துரத்துவதில் பயன் சிறிது என்பதற்கு இது மேலும் ஒரு சான்று.

கொழுப்பின் கதை சுருக்கமானது. அல்சைமருக்கான மரபணுக்களில் பரவலாகவும் வலுவாகவும் செயல்படுவது அப்போ-ஈ என்னும் கொழுப்புச் சுமக்கும் புரதத்தின் நான்காம் வடிவம்; டியூக் பல்கலைக்கழகத்தில் 1993இல் இந்தத் தொடர்பு கண்டறியப்பட்டது. நடுவயதில் எல்டிஎல் கொழுப்பு மிகுவது ஆபத்தைக் கூட்டுகிறது என்ற சான்று போதிய அளவு சேர்ந்ததால் லான்செட் மருத்துவ இதழின் டிமென்ஷியா ஆணையம் 2024இல்தான் அதைத் தன் ஆபத்துக் காரணிப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் வயது முதிர்ந்தபின் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வுகளில் அறிவாற்றல் காப்பாற்றப்படவில்லை. மறதியை உண்டாக்குகிறது என்று வாட்ஸப்பில் சுற்றும் பழியையும் அந்த ஆய்வுகள் மெய்ப்பிக்கவில்லை. இதயத்துக்காக அம்மாத்திரை சாப்பிடுகிறவர் நினைவுக்குப் பயந்து அதை நிறுத்துவது, வராத திருடனுக்கு அஞ்சி வீட்டுச் சுவரை இடிப்பது.

உடல் எடையும் வயதுக்கேற்பத் தன் பொருளை மாற்றிக்கொள்கிறது. நடுவயதுப் பருமன் ஆபத்தைக் கூட்டும். முதுமையில் காரணமின்றி எடை குறைவது டிமென்ஷியாவுக்கு முன்னறிவிப்பாக அமையும். இந்திய உடலுக்கு எடை எந்திரம் பாதி உண்மையையே சொல்கிறது. கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளிய உடலில் கொழுப்பு கல்லீரலைச் சுற்றிச் சேர்ந்திருக்கும். தெற்காசியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்று எல்லை தாழ்த்தி வகுத்திருப்பது அதனால்தான். எந்திரத்தைவிடத் தையற்காரரின் அளவுநாடா இங்கு நம்பகமானது.

இதயமே பழுதாவது இன்னொரு வழி. மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் இரத்தம் தேங்கிக் கட்டியாகி மூளைக்குப் பறக்கும். பக்கவாதம் ஒன்றும் வராதவர்களிடம்கூட அந்நோய் டிமென்ஷியா ஆபத்தைக் கூட்டுகிறது. மணிக்கட்டில் நாடி பிடித்து ஒரு நிமிடம் எண்ணினாலே ஒழுங்கின்மை பெரும்பாலும் அகப்படும். இதயத் தளர்ச்சியில் கட்டியே தேவையில்லை. தள்ளும் இரத்தமே குறைவு. புகையிலை இவை அனைத்தையும் விரைவாக்கும். நடுவயதில் நாளுக்கு இரண்டு பாக்கெட்டுக்கு மேல் புகைத்தவர்களிடம் ஆபத்து இரு மடங்குக்கு மேல் என்று 2011இல் வெளியான ஆய்வு சொன்னது.

இரத்தநாளக் கேட்டால் வரும் குறைவு மறதியாகத் தொடங்காததே அதைக் கண்டுகொள்ளாமல் விடுவதற்குக் காரணம். வெண்பொருள் தேய்ந்தால் செய்தி தாமதமாகப் போகிறது, செய்தி அழிவதில்லை. முதலில் கெடுவது வேகமும் திட்டமிடும் திறனும். கல்யாணப் பத்திரிகைக்குப் பெயர்ப் பட்டியல் போட்டுக் கொடுத்தவர் பாதியில் விட்டுவிடுவார். நாற்பதாண்டு சாம்பார் வைத்த கை, பருப்பு வேகுமுன் புளியைக் கரைத்து ஊற்றிவிட்டுத் திகைக்கும். கேட்ட கேள்விக்குப் பதில் வரும், ஆனால் கேட்டவர் பொறுமை இழந்தபின். நடை சிறு அடிகளாகச் சுருங்கும். சிறுநீரை அடக்குவது கடினமாகும். முகத்தில் ஆர்வம் வடிந்துபோகும். சோம்பல், பிடிவாதம், மன வருத்தம் என்று குடும்பம் எண்ணிக்கொள்ளும். இன்று என்ன கிழமை, மூன்று சொற்களைச் சொல்லுங்கள் என்று கேட்கும் எளிய சோதனையில் இவர்கள் தேறிவிடுவார்கள். கடிகார முகம் வரையச் சொன்னால், எண்களையும் எழுத்துகளையும் மாற்றி மாற்றி இணைக்கச் சொன்னால் தடுமாறுவார்கள்.

இக்காரணிகள் தனித்தனியே வருவதில்லை. ஆகையால் தனித்தனியே மருந்திட்டுப் பார்த்த ஆய்வுகள் அரைகுறையாக முடிந்ததில் வியப்பில்லை. பின்லாந்தில் மியா கிவிபெல்ட்டோ தலைமையில் 60 முதல் 77 வயதுவரை உள்ள 1,260 பேரிடம் உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, இரத்தநாளக் காரணிகளின் கண்காணிப்பு என நான்கையும் ஒன்றாகச் சேர்த்து இரண்டாண்டு நடத்தினார்கள். 2015இல் வந்த முடிவில், அறிவாற்றலின் ஒட்டுமொத்த மதிப்பெண் மற்றப் பிரிவைவிட 25 சதவீதம் கூடுதலாக முன்னேறியது. எது முன்னேறியது என்பது கவனிக்கத்தக்கது: திட்டமிடும் திறனும் வேகமும்தான். நினைவை மட்டும் பிரித்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவாக இல்லை. கடைமடைக்குத் தண்ணீர் போனதன் அடையாளம் அது.

நீண்ட காலச் சான்று பிரேமிங்காமிலேயே கிடைத்தது. 1970களின் பிற்பகுதியில் ஐந்தாண்டுக்கு நூறு முதியவரில் 3.6 பேருக்கு வந்த டிமென்ஷியா, 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் 2.0 ஆகக் குறைந்திருந்தது. இடைப்பட்ட காலத்தில் அல்சைமருக்கு எந்த மருந்தும் நோயைத் தடுத்துவிடவில்லை. அழுத்தத்துக்கு மருந்து பரவியது, புகை குறைந்தது, பக்கவாதம் குறைந்தது. ஆனால் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்தவர்களிடம் மட்டுமே இந்தச் சரிவு தெரிந்தது. இரத்தநாளக் காரணிகளால் மட்டும் அதை முழுதும் விளக்கவும் முடியவில்லை. லான்செட் ஆணையம் 2024இல் பதினான்கு காரணிகளைச் சொல்லி, அவை அனைத்தும் நீங்கினால் உலகில் டிமென்ஷியாவின் 45 சதவீதம் குறையவோ தள்ளிப்போகவோ கூடும் என்று கணித்தது. அவற்றுள் அழுத்தம், நீரிழிவு, எல்டிஎல், பருமன், புகை, உடலுழைப்பின்மை ஆகிய ஆறும் நேரே இரத்தநாளத்தைச் சார்ந்தவை. இந்த 45 சதவீதம் மக்கள்தொகைக் கணக்கு. தனி ஒருவருக்கு இவ்வளவு காப்பு என்று அதைப் படிப்பது பிழை. ஒழுங்காக வாழ்ந்தும் அல்சைமர் வந்தவரின் குடும்பத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் பிழை.

இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதத்தினருக்கு, அதாவது 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக 2023இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. அதே ஆண்டு சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்திய ஐசிஎம்ஆர் ஆய்வு நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும், மேலும் 13.6 கோடிப் பேருக்கு அதன் முன்நிலையும் இருப்பதாகச் சொன்னது; உயர் அழுத்தம் பெரியவர்களில் 35.5 சதவீதத்தினருக்கு. இரண்டாவது கணக்கு முதல் கணக்கின் இருபதாண்டு முன்னோட்டம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மாத்திரைகளை வீட்டு வாசலில் கொண்டுவந்து தருகிறது. இதயத்தையும் சிறுநீரகத்தையும் எண்ணி வகுத்த திட்டம் என்றாலும், சீனக் கிராமங்களின் முடிவோடு சேர்த்துப் பார்த்தால் நாட்டின் பெரிய டிமென்ஷியா தடுப்புத் திட்டங்களில் ஒன்றாகவும் அதை எண்ணலாம். இரண்டுக்கும் இடையே ஒரு வேறுபாட்டைச் சொல்லவேண்டும்: சீனாவில் மாத்திரை வந்ததோடு நிற்கவில்லை, அழுத்தம் இலக்குக்கு இறங்காதவரை அளவு கூடிக்கொண்டே போனது.

மறதி தொடங்கிவிட்ட வீட்டில் கணக்கு திசை மாறுகிறது. அதுவரை சர்க்கரை மூளையைக் கெடுத்தது. இனி கெட்ட மூளை சர்க்கரையைக் கெடுக்கும். காலையில் போட்ட மாத்திரையைப் போடவில்லை என்று எண்ணி மறுபடி போடுவார். ஊசி போட்டுக்கொண்டு சாப்பிட மறப்பார். தாழ்சர்க்கரையின் வியர்வையையும் நடுக்கத்தையும் வாய்விட்டுச் சொல்லத் தெரியாது. அத்தகையவருக்கு மூன்று மாதச் சராசரியை 8 சதவீதம்வரை தளரவிடுவதை மருத்துவ வழிகாட்டுதல்கள் ஏற்கின்றன. நெடுநேரம் உடலில் தங்கிச் சர்க்கரையை இறக்கும் கிளிபென்கிளமைடு போன்ற பழைய மாத்திரைகளை மாற்றிவிடுவது முறை. ஆறு வேளை மருந்தை இரண்டு வேளையாகச் சுருக்கலாம். மாத்திரைப் பெட்டியும் இன்சுலின் ஊசியும் அவர் தலைமாட்டிலிருந்து, வேளை பார்த்து எடுத்துக் கொடுக்கும் ஒருவரின் கைக்குப் போகவேண்டும்.